ஒரே சிப், இரண்டு விலை

2002-ம் வருடத்தின் கடைசி மாதங்கள். கம்ப்யூட்டரில் கேம் விளையாடும் பையன்கள் சிலர் வெளிநாட்டுக் கடைகளில் ஒரு விநோதமான காரியம் செய்துகொண்டிருந்தார்கள். கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும்போது பெட்டி மேல் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்கள் படிக்கவில்லை. உள்ளே இருக்கும் பலகையைத்தான் உற்றுப் பார்த்தார்கள். அதில் மெமரி சிப்கள் ஒரே வரிசையாக இருந்தால், வேண்டாம். நம் 'ட' எழுத்து மாதிரி மடங்கி இருந்தால், உடனே பணத்தை எடுத்து நீட்டு!

கார்டின் பெயர் ரேடியான் 9500. தயாரித்தது ஏடிஐ என்கிற கனடா நாட்டு கம்பெனி. விலை இருநூறு டாலருக்குள். அதற்கு மேலே 9700 என்று ஒரு கார்டு, சுமார் முந்நூறு டாலர். அதற்கும் மேலே 9700 ப்ரோ, 399 டாலர். அன்றைய தேதியில் அதுதான் உலகத்தின் அதிவேக கிராஃபிக்ஸ் கார்டு.

மெமரி 'ட' வடிவில் அமைந்த 9500-ஐ வீட்டுக்குக் கொண்டுபோய் கம்ப்யூட்டரில் செருகுவார்கள். டிரைவர் மென்பொருளில் ஒரு சின்னத் திருத்தம். ரீஸ்டார்ட். அவ்வளவுதான், ஏழைக் கார்டு பணக்காரக் கார்டாகிவிடும். 9500 என்று வாங்கியது 9700 ஆகிவிட்டது. நூறு டாலருக்கு மேல் லாபம்.

மந்திரமில்லை, தந்திரமில்லை. இரண்டு கார்டிலும் இருந்தது ஒரே சிப்தான்.

அதெப்படி, ஒரே சரக்கை இரண்டு பெயரில் இரண்டு விலைக்கு விற்பார்களா என்று கேட்கிறீர்களா? விற்பார்கள். இந்தத் தொழிலே அப்படித்தான் நடக்கிறது. அதைப் புரிந்துகொண்டால்தான் நாம் கொடுக்கிற காசுக்கு மதிப்பு கிடைக்கிறதா, இல்லை தலையில் மிளகாய் அரைக்கிறார்களா என்று தெரியும்.

திடீரென்று எனக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி? என் அக்கா மகன்தான் காரணம். வேலைக்குப் போய் ஒரு வருடம் ஆகிறது. மாதாமாதம் மிச்சம் பிடித்து முப்பதாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருந்தான். 2025 நவம்பரில் ஒருநாள் வந்து நின்றான். 'மாமா, ஒரே பேர்ல ரெண்டு கார்டு இருக்கு. ஒண்ணு எட்டு ஜிபி, ஒண்ணு பதினாறு ஜிபி. எதை வாங்கறது?'

பி.காம் படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் தோண்டத் தோண்ட, இது எஞ்சினியரிங் சமாசாரத்தைவிட அதிகமாக பி.காம் சமாசாரமாகத்தான் தெரிந்தது. எனவே ஆரம்பத்திலிருந்து வருவோம்.

கிராஃபிக்ஸ் கார்டு என்பது வேறொன்றுமில்லை. கம்ப்யூட்டரின் பிரதான மூளையான பிராசசர் கணக்குப் போடுவதில் கெட்டி. ஆனால் ஒரே மாதிரியான குட்டிக் கணக்குகளை லட்சக்கணக்கில், ஒரே சமயத்தில் போடச் சொன்னால் திணறிப்போகும். கேமில் ஒரு சுவர் வருகிறது, அதன்மேல் வெளிச்சம் விழுகிறது, நீங்கள் திரும்பினால் சுவரும் திரும்ப வேண்டும். திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் தனிக் கணக்கு. அதுவும் ஒரு வினாடிக்கு அறுபது தடவை. இதற்கென்றே நேர்ந்துவிட்ட தனி மூளைதான் கிராஃபிக்ஸ் சிப். அந்தச் சிப், அதற்கான மெமரி, ஒரு விசிறி, எல்லாவற்றையும் ஒரு பலகையில் பொருத்தினால் கார்டு.

இதைச் சாமானியர்கள் வாங்குகிற விலைக்கு முதலில் கொண்டுவந்து கலக்கியவர்கள் 3டிஎஃப்எக்ஸ் என்கிற கலிபோர்னியா கம்பெனிக்காரர்கள். 1994-ல் தொடங்கினார்கள். அவர்களுடைய வூடூ சிப், காசு போட்டு ஆடுகிற விளையாட்டு மெஷின்களுக்குத்தான் முதலில் போனது. வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்தால் விலை எகிறும். காரணம் சிப் அல்ல, கூடவே வைக்கவேண்டிய மெமரி. அது அப்போது தங்கம் விலை.

1996-ல் மெமரி விலை தடாலென்று விழுந்தது. உலகத்தில் தேவைக்கு மேல் உற்பத்தி, அதனால் விழுந்தது. 3டிஎஃப்எக்ஸ் அதில் ஒரு துளியும் சம்பந்தப்படவில்லை. ஆனால் அதிர்ஷ்டம் அடித்தது அவர்களுக்கு. நாலு எம்பி மெமரியோடு ஒரு கார்டை முந்நூறு டாலருக்குள் கொடுக்க முடிந்தது. அந்த வருடக் கடைசியில் வூடூ கார்டுகள் கடைக்கு வந்தன. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மெமரி விலை மறுபடி வரும்.

வூடூ ஒரு அரைக் கார்டு. முப்பரிமாண வேலை மட்டும்தான் செய்யும். விண்டோஸ் திரை, கடிதம் அடிப்பது எல்லாவற்றுக்கும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் சாதா கார்டு வேண்டும். இரண்டையும் கம்ப்யூட்டருக்கு வெளியே ஒரு கேபிள் போட்டு இணைக்க வேண்டும். ஆனாலும் ஜனங்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். 1997 ஜனவரியில் க்வேக் விளையாட்டுக்கு கார்டை உபயோகப்படுத்திக்கொள்ளும் புதிய வடிவம் வெளியானது. அதைப் பக்கத்து வீட்டில் பார்த்துவிட்டு வந்தவனுக்கு அதற்கப்புறம் தன் கம்ப்யூட்டரைப் பிடிக்காமல் போனது. கட்டம் கட்டமாகத் தெரிந்த சுவர்கள் வழவழவென்றாகிவிட்டன. அசைவில் திக்கல் இல்லை.

1998-ல் வூடூ 2. அதுவும் ஓடியது. வேண்டுமானால் இரண்டு கார்டு வாங்கி ஜோடி சேர்க்கலாம் என்றார்கள். வாங்கிச் சேர்த்தார்கள்.

இந்த உச்சத்தில்தான் 3டிஎஃப்எக்ஸ் ஒரு காரியம் செய்தது. அதுவரை அவர்கள் சிப் மட்டும் தயாரிப்பார்கள். டயமண்ட், கிரியேட்டிவ் போன்ற கம்பெனிகள் அதை வாங்கிக் கார்டாகச் செய்து விற்கும். நடுவில் இவர்கள் ஏன் லாபம் பார்க்க வேண்டும், நாமே கார்டும் செய்தால் என்ன என்று யோசனை. 1998 டிசம்பரில் எஸ்டிபி என்கிற கார்டு கம்பெனியை 14 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தார்கள். மெக்சிகோவில் ஒரு தொழிற்சாலையும் கூடவே வந்தது.

மொத்த வியாபாரி திடீரென்று தெருமுனையில் சில்லறைக் கடை திறந்தால் என்ன ஆகும்? அவரிடம் சரக்கு எடுத்துக்கொண்டிருந்த கடைக்காரர்கள் வேறு மொத்த வியாபாரியைத் தேடிப் போவார்கள். போனார்கள். என்விடியா என்று ஒரு கம்பெனி கைநீட்டிக் காத்திருந்தது.

என்விடியா 1993-ல் ஜென்சன் ஹுவாங் உள்பட மூன்று பேர் ஆரம்பித்த கம்பெனி. முதல் சிப் அம்பேல். ஊழியர்களில் பாதிக்கு மேல் வீட்டுக்கு அனுப்பி, கிட்டத்தட்ட மூடுகிற நிலைக்குப் போய், 1997-ல் ரிவா 128 என்ற சிப்பில் பிழைத்தவர்கள். அடிபட்டவனுக்கு இருக்கும் வேகம் அவர்களுக்கு இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு புதுச் சரக்கு என்று இறக்கிக்கொண்டே இருந்தார்கள். 3டிஎஃப்எக்ஸின் அடுத்த சிப்போ தாமதத்துக்கு மேல் தாமதம். தொழிற்சாலையைக் கட்டி மேய்க்கவே நேரம் சரியாக இருந்தது. 2000 டிசம்பரில் கடையைக் கட்டுவதாக அறிவித்து, தொழில்நுட்பச் சொத்துகளை விற்றார்கள். வாங்கியது யார் என்று சொல்ல வேண்டுமா? என்விடியாதான்.

இங்கிருந்துதான் நம் கதை சூடு பிடிக்கிறது. அடியோடு முப்பரிமாணக் கார்டு இல்லாதவனுக்கு எதை விற்றாலும் ஆச்சரியம். எல்லோரிடமும் ஒன்று இருக்கிறது என்றால்? ஆயிரம் ரூபாய்க்காரனுக்கு ஒன்று, ஐயாயிரம் ரூபாய்க்காரனுக்கு ஒன்று, அம்பானிக்கு ஒன்று என்று பிரித்தாக வேண்டும். என்விடியா 2000-த்தில் ஜீஃபோர்ஸ் 2 எம்எக்ஸ் என்று ஒன்றை இறக்கியது. பெரிய அண்ணனில் நாலு பைப்லைன், இதில் இரண்டு. விலையோ நூற்றிச்சொச்சம் டாலர்தான், அண்ணனின் விலையில் பாதிகூட இல்லை. நல்ல கார்டு. நியாயமான பேரம். ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்துகொண்ட கம்ப்யூட்டர்களில் எம்எக்ஸ் என்ற வார்த்தை கொஞ்ச காலம் மந்திரம் போல ஒலித்தது.

நல்ல பெயர் சம்பாதித்த பிறகு என்ன செய்வார்கள்? அந்தப் பெயரை விற்பார்கள்!

2002 பிப்ரவரியில் ஜீஃபோர்ஸ் 4 எம்எக்ஸ் வந்தது. நாலு, மூன்றைவிடப் பெரிய எண் அல்லவா? ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். ஆனால் கார்டுக்குள்ளே இருந்தது மூன்று அல்ல, கிட்டத்தட்ட இரண்டு. போன வருடத்து ஜீஃபோர்ஸ் 3-ல் புரோகிராம் செய்துகொள்ளக்கூடிய ஷேடர் என்று ஒரு புது வசதி இருந்தது. அடுத்து வரப்போகிற கேம்களெல்லாம் அதை நம்பித்தான் எழுதப்பட்டுக்கொண்டிருந்தன. நாலாம் நம்பர் எம்எக்ஸில் அது கிடையாது. க்வேக், டூம் விளையாட்டுகளை எழுதிய ஜான் கார்மாக், அவர் அப்போது இந்த உலகத்தின் பெரியவாள், டூம் 3-க்காகக் கார்டு வாங்குவதானால் இதை வாங்காதீர்கள் என்று பகிரங்கமாகவே எழுதினார். பழைய எண் கொண்ட கார்டு புதிய எண் கொண்ட கார்டைவிட உசத்தி. வாங்குகிறவனுக்கு எப்படித் தெரியும்?

அதே வருடம் ஏப்ரலில் அதே கம்பெனி ஒரு அற்புதமான கார்டும் கொடுத்தது என்பதுதான் வேடிக்கை. ஜீஃபோர்ஸ் 4 டிஐ 4200. பெரிய கார்டுகளில் இருந்த அசல் சிப்பையே கொஞ்சம் நிதானமாக ஓடவிட்டு, இருநூறு டாலருக்குக் கொடுத்தார்கள். இதில் இரண்டு ரகம். 64 எம்பி ஒன்று, 128 எம்பி ஒன்று. எது வேகம்? 128 என்பீர்கள். அன்றைய கேம்களில் 64 எம்பி கார்டுதான் பல இடங்களில் முந்தியது! அதில் இருந்த மெமரி வேகமானது. 128-ல் போட்டது மெதுவான மெமரி. பெட்டி மேல் பெரிய எழுத்தில் போடக் கூடியது அளவு மட்டும்தான். வேகத்தை யார் போடுகிறார்கள்?

மெமரி விஷயத்தில் மூன்று சங்கதிகள் உண்டு. எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு வேகம், சிப்புக்கும் மெமரிக்கும் நடுவே பாதை எவ்வளவு அகலம். குடோன் எத்தனை பெரியதாக இருந்தாலும் போகிற சந்து சைக்கிள் நுழைகிற அகலம்தான் என்றால் லாரியை எங்கே கொண்டுபோவது? இந்தச் சந்து வியாபாரம் 1999-லேயே ஆரம்பித்துவிட்டது. டிஎன்டி 2 என்ற புகழ்பெற்ற சிப்பின் மலிவு ரகமான எம்64-ல் பாதை அகலம் 128 பிட்டிலிருந்து 64 பிட்டாக, சரிபாதியாகக் குறைக்கப்பட்டிருந்தது. பெயரில் மட்டும் டிஎன்டி 2 பத்திரமாக இருந்தது.

சரி, முதலில் சொன்ன ரேடியான் 9500-க்கு வருவோம். ஏடிஐ ஏன் ஒரே சிப்பை இரண்டு விலைக்கு விற்றது?

சிப்பை ஒவ்வொன்றாகச் செய்வதில்லை. சாப்பாட்டுத் தட்டு சைஸில் வட்டமான சிலிக்கான் தகடு. அதன்மேல் நூற்றுக்கணக்கில் ஒரே சமயத்தில் அச்சடித்து, பிறகு வெட்டி எடுக்கிறார்கள். தகட்டில் அங்கங்கே கண்ணுக்குத் தெரியாத குறைகள் இருக்கும். தவிர்க்கவே முடியாது. ஒரு குறை எந்தச் சிப்பின்மேல் விழுகிறதோ அது பழுது. ஆனால் முழுப் பழுதா? எட்டு அடுப்பு உள்ள சமையல்கட்டில் ஓர் அடுப்பு எரியவில்லை என்றால் ஹோட்டலை இடித்துவிடுவோமா? நாலு அடுப்பை மூடிவிட்டு, பாக்கி நாலை வைத்து சின்ன ஹோட்டல் என்று போர்டு மாட்டலாம். 9700-ல் எட்டு பைப்லைன். 9500-ல் அதே சிப், நாலு மூடப்பட்டவை. குப்பைக்குப் போகவேண்டியது காசாகிறது. காஸ்ட் அக்கவுண்டன்சி பேப்பரில் 42 மார்க் வாங்கிய எனக்கே இது புரிகிறது.

சிக்கல் எங்கே என்றால், மலிவுக் கார்டைத்தான் ஊரே கேட்கிறது. பழுதான சிப்கள் அத்தனை கிடைப்பதில்லை. என்ன செய்வது? நன்றாக எரிகிற அடுப்பையும் மூடவேண்டியதுதான். நல்ல சிப்பையே பூட்டிப் போட்டு 9500 என்று விற்றார்கள். பூட்டும் மென்பொருள் பூட்டு. பையன்கள் திறந்துவிட்டார்கள்.

எல்லோருக்கும் வாய்க்கவில்லை. அசல் பழுதான சிப் மாட்டியவர்கள் பூட்டைத் திறந்தால் திரையெங்கும் சதுரங்கப் பலகை மாதிரி கட்டங்கள் வந்தன. அவர்கள் மறுபடி பூட்டிக்கொண்டு 9500 ஆகவே காலம் தள்ளினார்கள். லாட்டரிதான். கொஞ்ச காலத்தில் ஏடிஐயும் விழித்துக்கொண்டது. 'ட' வடிவப் பலகை கடைகளிலிருந்து காணாமல்போனது. பூட்டுகள் பிற்பாடு சிப்புக்குள்ளேயே எரித்து வைக்கப்பட்டன. இப்போது அந்த வேலையெல்லாம் அநேகமாக நடக்காது.

ஆனால் ஒரு விஷயம் மாறவில்லை. பெரிய சிப்பின் வெட்டிய ரகம்தான் பெரும்பாலும் நல்ல பேரம். சின்ன சிப்புக்குப் பெரிய பெயர் வைத்தால் அது மோசமான பேரம். 2007 அக்டோபரில் வந்த ஜீஃபோர்ஸ் 8800 ஜிடி இதற்கு உதாரணம். அதற்கு முந்தைய நவம்பரில் 599 டாலருக்கு வந்த 8800 ஜிடிஎக்ஸுக்கு மிகக் கிட்டே வேகம். விலை இருநூற்றைம்பது டாலர் அளவில். அறுநூறு கொடுத்தவர்கள் தலையில் துண்டு.

அதற்கும் மேலே ஒரு கூத்து 2008-ல் நடந்தது. எனக்குப் பிடித்த அத்தியாயம் இதுதான்.

அதற்குள் ஏடிஐயை ஏஎம்டி கம்பெனி 2006-ல் 540 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது. வாங்கியதிலிருந்து தோல்வி மேல் தோல்வி. என்விடியாவை உச்சியில் போய் ஜெயிக்க முடியாது என்று அவர்களுக்கே தெரிந்துபோயிற்று. எனவே உச்சிக்கு ஏறுவதையே விட்டுவிட்டார்கள். இருநூறு, முந்நூறு டாலர் கொடுக்கிறவனுக்கென்றே சின்னதாக ஒரு சிப். அதை எவ்வளவு வேகமாகச் செய்யமுடியுமோ செய்வது. அதுதான் திட்டம்.

2008 ஜூன் மாதம் இருவரும் ஒரே சமயத்தில் களமிறங்கினார்கள். என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 280, 649 டாலர். தம்பி ஜிடிஎக்ஸ் 260, 399 டாலர். சில நாள் இடைவெளியில் ஏஎம்டியின் ரேடியான் 4850, 199 டாலர். 4870, 299 டாலர். சோதித்துப் பார்த்தவர்கள் மூக்கின்மேல் விரல் வைத்தார்கள். 299 டாலர் கார்டு 399 டாலர் கார்டுக்குச் சமமாக, சில கேம்களில் அதற்கு மேலேயே ஓடியது.

ஒரே மாதம். என்விடியா 649-ஐ 499 ஆக்கியது. 399-ஐ 299 ஆக்கியது. முதல் வாரத்தில் ஆசை ஆசையாக வாங்கியவனுக்கு நூற்றைம்பது டாலர் ஆவியாகிப்போனது.

ஏஎம்டியால் எப்படி முடிந்தது? சிப்பின் பரப்பளவைப் பாருங்கள். என்விடியாவின் சிப் 576 சதுர மில்லிமீட்டர். ஏஎம்டியுடையது 256. இருவருக்கும் செய்துகொடுத்தது தைவானில் உள்ள ஒரே தொழிற்சாலைக்காரர்கள்தான், டிஎஸ்எம்சி. தகடு இருவருக்கும் 300 மில்லிமீட்டர் விட்டம். அதில் பெரிய சிப் நூறுகூடத் தேறாது. சின்னது இருநூறுக்கு மேல். போதாததற்கு, சிப் பெரிதாக இருந்தால் குறை விழுகிற வாய்ப்பும் அதிகம். விலை குறைத்தாலும் ஏஎம்டிக்குக் கையில் ஏதோ நிற்கும். என்விடியாவுக்கு அடிவயிற்றில் கை வைத்த மாதிரி. அந்த வருடம் நம்மூரில் கார்டு வாங்கியவர்கள் இரண்டில் எதை வாங்கியிருந்தாலும் பாக்கியசாலிகள். எதிராளி மூச்சு கழுத்தில் படும்போதுதான் இந்த வியாபாரத்தில் விலை இறங்குகிறது. 2008-ல் பட்டது.

மூச்சு படாதபோது? பழைய சரக்குக்குப் புதுச் சட்டை. 8800 ஜிடி கார்டு 2008-ல் 9800 ஜிடி ஆனது. கிட்டத்தட்ட அதே கார்டு. அதே சிப் குடும்பத்தின் இன்னோர் அங்கத்தினர் 2009-ல் ஜிடிஎஸ் 250 என்ற பெயரில் புது வரிசையில் உட்கார்ந்தார். ஏஎம்டி மட்டும் யோக்கியமா என்றால், அவர்களும் பின்னால் வந்த வரிசைகளில் தாராளமாகச் சட்டை மாற்றினார்கள்.

2014 செப்டம்பரில் ஜிடிஎக்ஸ் 970 வந்தது. 329 டாலர், பிரமாதமான கார்டு என்று எல்லோரும் மெச்சினார்கள். நாலு ஜிபி மெமரி. நாலு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அதில் மூன்றரை ஜிபி மட்டுமே முழு வேகம். கடைசி அரை ஜிபி மந்தம். தொழில்நுட்ப விவரத்தில் சொல்லியிருந்த வேறு சில எண்களும் தப்பு. உள்ளுக்குள் தகவல் சரியாகப் பரிமாறிக்கொள்ளப்படவில்லை என்று என்விடியா விளக்கம் சொன்னது. அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2016-ல் சமரசம். கார்டு ஒன்றுக்கு முப்பது டாலர். இத்தனைக்கும் அது அன்று நல்ல பேரம்தான், வாங்கியவர்கள் பலருக்கு வருத்தமில்லை. சொல்லிவிட்டுக் கொடுத்திருக்கலாம் என்பதுதான் கோபம்.

2018-ல் நடந்தது அதைவிடச் சின்னது, அதைவிடக் கொடியது. ஜிடி 1030 என்று ஒரு பரம ஏழைக் கார்டு. அதே பெயரில், வேகமான மெமரிக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் போடுகிற சாதாரண டிடிஆர் 4 மெமரியை வைத்து இன்னொரு ரகம் சத்தமில்லாமல் கடைக்கு வந்தது. மெமரியின் வேகம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. பெயர் அதேதான். அறுநூறு டாலர்க்காரன் பத்து விமரிசனம் படித்துவிட்டு வாங்குவான். இதை வாங்குகிறவன் பெயரை மட்டும்தான் பார்ப்பான். ஏழையிடம்தான் இந்த விளையாட்டு.

நடுவில் இன்னொரு பூதம் கிளம்பியது. கிரிப்டோ நாணயம். ஈதரியம் என்ற மின்நாணயத்தைத் தோண்டி எடுக்கும் கணக்குகளுக்கும் கிராஃபிக்ஸ் கார்டுதான் தோதான ஆயுதம். 2017-ல் ஒரு தடவை, 2020 கடைசியிலிருந்து இன்னொரு தடவை, கடைகளில் கார்டே கிடைக்காமல்போனது. 699 டாலர் என்று அறிவித்த ஆர்டிஎக்ஸ் 3080, 2021-ல் கைமாற்றுச் சந்தையில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் போனது. கேம் விளையாடுகிறவனும் ஷெட்டு நிறைய கார்டு அடுக்கிப் பணம் தோண்டுகிறவனும் ஒரே க்யூவில் நின்றால் யார் ஜெயிப்பார்கள்? 2018 நிதியாண்டில் தன் கேமிங் வருமானத்தில் இந்தத் தோண்டல் எவ்வளவு முக்கியம் என்பதை முதலீட்டாளர்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை என்று 2022 மே மாதம் அமெரிக்கப் பங்குச்சந்தைக் கண்காணிப்பு அமைப்பு என்விடியாவுக்கு 55 லட்சம் டாலர் அபராதம் போட்டது. அந்தக் கம்பெனியின் கல்லாவுக்கு இது சுண்டைக்காய்.

2022 செப்டம்பர் 15 அன்று ஈதரியம் தன் முறையையே மாற்றிக்கொண்டது. அதற்குமேல் அந்த நாணயத்துக்குக் கார்டு தேவையில்லை. ஒரே நாளில் தோண்டல்காரர்களின் கார்டுகள் செகண்ட்ஹேண்ட் சந்தையில் வந்து குவிந்தன. பழைய கார்டு வாங்கத் துணிந்தவர்களுக்கு அது கொண்டாட்டம். விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்து, அரை மணி நேரம் கேம் ஓட்டிப் பார்த்து வாங்கியவர்கள் தப்பித்தார்கள்.

விலை ஏறிய ருசி நாக்கில் இருக்கிறது அல்லவா? அதே மாதம் என்விடியா 'ஆர்டிஎக்ஸ் 4080' என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகளை அறிவித்தது. 16 ஜிபி, 1,199 டாலர். 12 ஜிபி, 899 டாலர். மெமரி மட்டும்தான் வித்தியாசம் என்று நினைப்பீர்கள். சிப்பே வேறு, சின்னது. இந்தத் தடவை ஊர் சிரித்த சிரிப்பில் அக்டோபர் 14 அன்று 12 ஜிபி கார்டை வாபஸ் வாங்கினார்கள். 2023 ஜனவரியில் அது 4070 டிஐ என்று மறுபிறவி எடுத்தது. நூறு டாலர் குறைவாக. பெயர் மாறியதும் விலை இறங்கியது, கவனியுங்கள்.

இப்போது அக்கா மகனின் கேள்வி. அவன் கேட்டது 2025 ஏப்ரலில் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ பற்றி. இங்கே நல்லவேளை, இரண்டிலும் சிப் ஒன்றேதான். 8 ஜிபி 379 டாலர், 16 ஜிபி 429 டாலர் என்று அறிவித்தார்கள். வெளியீட்டுக்கு முன்னால் விமரிசகர்களுக்குச் சோதிக்கக் கொடுத்தது 16 ஜிபி மட்டும். எட்டை அனுப்பவில்லை. எதை ஒளிக்கிறார்களோ அதில்தானே விஷயம்? கடையில் வாங்கிச் சோதித்தவர்கள் சொன்னார்கள், சில புதிய கேம்களில் எல்லா அழகையும் முழுசாக வைத்தால் எட்டு ஜிபி நிரம்பி வழிகிறது, ஓட்டம் திக்குகிறது என்று.

'உன் மானிட்டர் என்ன?' என்றேன்.

'பழசுதான் மாமா. 1080.'

'என்ன கேம்?'

சொன்னான். பாதிக்கு மேல் நண்பர்களோடு ஆன்லைனில் சுட்டுக்கொள்கிற கேம்கள். அவற்றுக்கு எட்டு ஜிபி தாராளம். ஆனால் கார்டை எத்தனை வருடம் வைத்துக்கொள்வாய் என்றதற்கு, 'அஞ்சு வருஷமாவது வரணும் மாமா' என்றான். அங்கேதான் விடை மாறுகிறது. ஒரு வருடத்தில் மாற்றுகிறவனுக்கு எட்டு போதும். ஐந்து வருடம் இழுக்கிறவனுக்குப் பதினாறு. இன்டெல் கம்பெனியும் இந்தக் களத்துக்கு வந்திருக்கிறது, 2024 டிசம்பரில் பி580 என்று 12 ஜிபி கார்டை 249 டாலருக்கு அறிவித்தார்கள், அதையும் பார் என்றேன். அவனே தலையை ஆட்டினான். அந்தக் கார்டு பழைய பிராசசரோடு சேர்ந்தால் சோர்ந்துபோகிறது என்று 2025 தொடக்கத்தில் சோதனைகள் வந்திருந்தன. அவனுடையது ஆறு வருடத்துப் பிராசசர். ஏஎம்டியின் 9060 எக்ஸ்டியிலும் அதே எட்டு, பதினாறு கதை. அதில் பதினாறு 349 டாலர் என்று அறிவித்திருந்தார்கள். அதை வாங்கு என்றேன். கொஞ்சம் கூடப் போடவேண்டியிருக்கும். அடுத்த மாதச் சம்பளம் வரட்டும் என்று கிளம்பிப்போனான்.

இங்கேதான் 1996 திரும்பி வந்தது, தலைகீழாக.

2025-ன் கடைசி மாதங்களில் மெமரி விலை கிடுகிடுவென்று ஏறியது. ஏஐ டேட்டா சென்டர்கள் கிடைத்ததையெல்லாம் வாரிக்கொண்டன. மைக்ரான் கம்பெனி, வீட்டுக் கம்ப்யூட்டர்க்காரர்களுக்கு மெமரி விற்றுவந்த தன்னுடைய க்ரூஷியல் பிராண்டையே விட்டுவிடுவதாக டிசம்பரில் அறிவித்தது. விழுந்த மெமரி விலைதான் வூடூவை வீட்டுக்குக் கொண்டுவந்தது. ஏறுகிற மெமரி விலை முதலில் கடிக்கப்போவது பதினாறு ஜிபி கார்டைத்தானே?

அன்று ராத்திரியே போன் போட்டேன். அடுத்த மாதமெல்லாம் வேண்டாம், குறைகிற பணத்தை நான் தருகிறேன், நாளைக்கே போய் வாங்கு என்றேன். மறுநாள் மத்தியானம் பில்லைப் படமெடுத்து அனுப்பினான். கூடவே கார்டின் படமும். மூன்று விசிறி, செங்கல் கனம், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு.

'கேபினெட் உள்ளே எவ்வளவு நீளம் இருக்குன்னு அளந்து பாத்தியா?' என்று கேட்டேன்.

ரொம்ப நேரம் பதிலே வரவில்லை.